பெயர்ப் பட்டியலில் இல்லாத பெட்டி

சென்னையில் அதற்குப் பெயர் ஹவுரா மெயில். ஹவுராவில் அதே ரயில் மதராஸ் மெயில். 1996-ல் மதராஸ் சென்னையானது, 2001-ல் கல்கத்தா கொல்கத்தாவானது. காகிதங்கள் மாறின, பேச்சு அவ்வளவு சீக்கிரம் மாறவில்லை. ரயிலுக்குப் போகும் ஊரின் பெயரைச் சொல்லி அழைப்பதே மக்களின் பழக்கம். இருக்கும் ஊரைப் பற்றி யாருக்கும் சந்தேகமில்லையே!

இந்த மெயிலும் அதன் இளைய சகோதரனான கோரமண்டல் எக்ஸ்பிரஸும் வங்காளத்தையும் தமிழ்நாட்டையும் கோத்து வைத்திருக்கும் இரண்டு நூல்கள். 1,660 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரம். மெயிலுக்குச் சுமார் 28 மணி நேரம், கோரமண்டலுக்குச் சுமார் 25 மணி நேரம். விமானத்தில் இரண்டரை மணி நேரம்கூட ஆகாது. விமானம் பிடிக்க முடிந்தவர்கள் எல்லோரும் போய்விட்டால் ரயில் காலியாக இருக்க வேண்டும். இல்லை. முன்பதிவுக் காலம் 2024 நவம்பரில் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைக்கப்பட்டது. அதன் பிறகும் விடுமுறைக் காலத்தில் ஸ்லீப்பர் டிக்கெட் கேட்பவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் வெயிட்டிங் லிஸ்ட்தான். ஆக, இந்த ரயில்களைப் பழம்பொருளாகப் பார்த்து உருகுவதற்கு இடமில்லை. அவை இன்றும் வேலை செய்துகொண்டிருக்கின்றன. யாருக்காக என்பதுதான் கேள்வி.

கிழக்குக் கரையோரம் ரயில் ஓடத் தொடங்கியது தாமதமாகத்தான். ஹவுராவிலிருந்து ஹூக்ளிக்கு முதல் ரயில் 1854 ஆகஸ்டில் கிளம்பிவிட்டது. ஆனால் மதராஸ் பக்கம் நேராக இறங்கி வர வழியில்லை. குறுக்கே நதிகள். ரூப்நாராயண், சுவர்ணரேகா, வைதரணி, பிராமணி, மகாநதி, கோதாவரி, கிருஷ்ணா, பெண்ணை என்று ஒவ்வொன்றும் வங்காள விரிகுடாவைச் சேரும் அவசரத்தில் அகன்று கிடக்கும் இடம் இது. பெஜவாடாவிலிருந்து கட்டாக் வரையிலான கிழக்குக் கரை ரயில்பாதை 1893-க்கும் 1896-க்கும் இடையில் போடப்பட்டது. கோதாவரியின் மேல் ஹேவ்லாக் பாலமும், கோலாகாட்டில் ரூப்நாராயண் பாலமும் 1900-ல் திறக்கப்பட்டன. அதுவரை கல்கத்தாவுக்குப் போக வேண்டிய தமிழர் கப்பல் ஏற வேண்டும். அல்லது மத்திய இந்தியாவைச் சுற்றிக்கொண்டு ரயிலில் போக வேண்டும்.

அந்தப் பாதையின் அழகைப் பார்க்க வேண்டுமானால் ஹவுராவிலிருந்து கோரமண்டல் சரிப்படாது. அது பிற்பகலில் கிளம்பி ஒரிசாவை இருட்டில் கடந்துவிடும். நள்ளிரவுக்குச் சற்று முன்னே புறப்படும் மெயில்தான் இதற்கு ஏற்றது. காலை காபி நேரத்தில் புவனேஸ்வர் தாண்டிவிடும். அதன் பிறகு ஒரு பக்கம் மலை, மறுபக்கம் சிலிகா ஏரி. பலுகாவ், ரம்பா என்று ஸ்டேஷன்கள் நகர நகர, ஏரி கூடவே வரும். பகல் ஏறும்போது பலாசாவில் முந்திரிப் பருப்பு பொட்டலம் பெட்டிக்குள் வந்துவிடும். விசாகப்பட்டினத்தில் எஞ்சின் ஒரு முனையிலிருந்து கழற்றப்பட்டு மறுமுனையில் மாட்டப்படும். அதுவரை முன்னோக்கி உட்கார்ந்து வந்தவர் அதன் பிறகு பின்னோக்கிப் போவார். வண்டியின் தலை வாலாகிவிடும், வால் தலையாகிவிடும். மாலையில் ராஜமுந்திரி. கோதாவரிப் பாலத்தில் சக்கரச் சத்தம் மாறியதும் பேச்சு நின்றுவிடும். சிலர் ஜன்னல் வழியே காசு எறிவார்கள்.

எழுத்துகளைக் கவனிப்பதும் ஒரு பொழுதுபோக்கு. தாந்தன் வரை ஸ்டேஷன் பலகையில் வங்காளி. அடுத்து லட்சுமண்நாத் ரோடு, ஜலேஸ்வர் என்று உருண்டையான ஒரியா எழுத்துகள். இச்சாபுரத்தில் தெலுங்கு தொடங்கி, ஆந்திராவின் நீளம் முழுவதும் கூட வரும். தடா தாண்டி ஆரம்பாக்கத்தில்தான் தமிழ். நான்கு மாநிலம், நான்கு லிபி, ஒரே பெட்டி. கரக்பூர் பிளாட்பாரத்தின் நீளம் 1,072 மீட்டர். 2013-ல் கோரக்பூர் முந்தும்வரை உலகிலேயே நீளமானது என்ற பெருமை அதற்கு இருந்தது. பெட்டிக்குள் ஏறும் விற்பனையும் எழுத்தோடு மாறும். மண்குவளைத் தேநீரும் கடுகெண்ணெய் வாசமுள்ள காரப்பொரியும் வடக்கே நின்றுவிடும். இட்லியும் தயிர்சாதமும் ஆந்திராவில் ஏறிக்கொள்ளும்.

இதெல்லாம் பயணத்தின் சுகம். ரயிலின் அரசியல் வேறு. அதற்கும் கொல்கத்தாவே நல்ல உதாரணம். 1969 மார்ச்சில் டில்லிக்கும் ஹவுராவுக்கும் இடையே நாட்டின் முதல் ராஜதானி எக்ஸ்பிரஸ் ஓடியது. 1,450 கிலோமீட்டரை 17 மணி 20 நிமிடத்தில் கடந்தது. முழுவதும் குளிர்சாதனம். வசதியுள்ளவர்களுக்கு வேகம் என்பது அதன் கொள்கை. 1977 மார்ச்சில் கோரமண்டல் வந்தது. அதில் குளிர்சாதன வகுப்பில் இருப்பவர் எந்த வேகத்தில் மதராஸ் போனாரோ அதே வேகத்தில் இரண்டாம் வகுப்புப் பயணியும் போனார். அதே ஆண்டு டிசம்பரில் ஹவுராவுக்கும் பம்பாய்க்கும் இடையே கீதாஞ்சலி எக்ஸ்பிரஸ் விடப்பட்டது. அதில் முதல் வகுப்பே கிடையாது. வகுப்பு பேதமில்லாத ரயில் என்றே அறிவித்தார் அப்போதைய ரயில்வே அமைச்சர் மது தண்டவதே.

மூன்றாம் வகுப்பு என்ற பெயர் 1974-ல் ஒழிந்திருந்தது. பெயர் போனாலும் பலகை போகவில்லை. இரண்டாம் வகுப்புப் பயணி கட்டையின் மேல்தான் படுத்தார். அந்தக் கட்டையின் மேல் இரண்டு அங்குல நுரை மெத்தை போட உத்தரவிட்டவர் தண்டவதே. இந்திய ரயில்வேயின் வரலாற்றில் இரண்டு அங்குலம் அவ்வளவு தூரம் போனது வேறெதுவும் இல்லை. 1955-ல் நேரு திறந்துவைத்த பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலையிலிருந்து ஸ்விட்சர்லாந்து வடிவமைப்பில் வந்துகொண்டிருந்த பெட்டிகள் அதன் பிறகுதான் ஏழைக்கும் உறங்கத் தக்கவையாயின. அந்த வகைப் பெட்டியின் உற்பத்தி 2018 ஜனவரியில் நின்றுவிட்டது. இப்போது கோரமண்டலில் ஓடுபவை ஜெர்மன் வடிவமைப்பான எல்.எச்.பி. பெட்டிகள்.

இந்தப் பாதையில் பயணம் செய்தவர்களின் முகமும் மாறிவிட்டது. ஒரு காலத்தில் இது வடக்கே வேலைக்குப் போன தமிழனின் ரயில். 1907-ல் அரசாங்கக் கணக்குத் துறை அதிகாரியாகக் கல்கத்தா போன சி.வி. ராமன், 1933 வரை அந்த ஊரில் இருந்தார். நோபல் பரிசு வாங்கித் தந்த கண்டுபிடிப்பு 1928-ல் பௌபஜார் தெருவில் நடந்தது. ராமன்கள் அபூர்வம். கணக்கர்களும் ஸ்டெனோகிராபர்களும் டைப்பிஸ்ட்டுகளும் ஏராளம். தெற்குக் கல்கத்தாவில் லேக் மார்க்கெட்டைச் சுற்றி அவர்கள் குடியேறினார்கள். முருங்கைக்காயும் வாழை இலையும் புதிதாக அரைத்த காபிப் பொடியும் கிடைக்கும் மார்க்கெட் அது. ராசபிஹாரி அவென்யூவின் கோமள விலாஸ் போன்ற ஓட்டல்களில் மசால் தோசை சாப்பிடப் பழகிய வங்காளிகளுக்கும் குறைவில்லை. கோடை விடுமுறைக்கு மெயிலில் ஊர் திரும்பும் குடும்பங்கள் இரண்டு நாள் சாப்பாட்டையும் கூஜாவையும் ஹோல்டாலையும் சுமந்து வந்தன. அந்தத் தலைமுறையின் பிள்ளைகள் பெங்களூருக்கும் அமெரிக்காவுக்கும் போய்விட்டார்கள். லேக் மார்க்கெட்டில் தமிழ்க் குரல் குறைந்துவிட்டது.

இன்று ரயில் எதிர்த் திசையில் நிரம்புகிறது. முதல் கூட்டம் நோயாளிகள். வங்காளத்தில் "வேலூர் போகிறார்" என்றால் ஊர் சுற்றிப் பார்க்க அல்ல. ஐடா ஸ்கடர் 1900-ல் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய மருத்துவமனை, சி.எம்.சி.யாக வளர்ந்து வங்காளக் குடும்பங்களின் கடைசி நம்பிக்கையாகிவிட்டது. காட்பாடியில் நிற்கும் ஹவுரா ரயில்களிலிருந்து எக்ஸ்ரே உறைகளோடு இறங்குபவர்களை எண்ண முடியாது. வேலூர் கடைவீதியில் வங்காளி எழுத்துப் பலகைகள் இருக்கின்றன. லாட்ஜ்களில் மீன்குழம்பும் சோறும் கிடைக்கும். கண்ணுக்கும் இதயத்துக்கும் சென்னை வருபவர்கள் தனி.

இரண்டாவது கூட்டம் தொழிலாளிகள். மூர்ஷிதாபாத், மால்டா, சுந்தரவனத்தைச் சேர்ந்த தெற்கு 24 பர்கானா மாவட்டம். சென்னையின் அடுக்குமாடிகள், மெட்ரோ பாலங்கள், திருப்பூர் பனியன் ஆலைகள், இன்னும் தெற்கே கேரளத்தின் கட்டுமானங்கள் எல்லாவற்றிலும் இவர்கள் உழைப்பு இருக்கிறது. தமிழ்நாட்டில் இவர்களுக்கு "வடமாநிலத்தவர்" என்று ஒரே பெயர். வங்காளம் கிழக்கே இருப்பது யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. அறுபது நாள் முன்னதாக டிக்கெட் எடுக்க இவர்களால் முடியாது. மேஸ்திரி போன் செய்தால் மறுநாள் கிளம்ப வேண்டும். அதனால் ஏறுவது முன்பதிவில்லாத பொதுப்பெட்டி. 25 மணி நேரம். உட்கார இடம் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

பொதுப்பெட்டிகள் பெரும்பாலும் ரயிலின் இரு முனைகளில் இருக்கும். பிளாட்பாரத்தின் நடுவில் நெரிசல் கூடாது என்பது ஒரு காரணம். எஞ்சினை ஒட்டி ஒன்றிரண்டு, கடைசியில் ஒன்றிரண்டு. நடுவில் குளிர்சாதனப் பெட்டிகள். விபத்தில் முதல் அடி வாங்குவது எந்தப் பக்கம் என்று சொல்ல வேண்டியதில்லை.

2023 ஜூன் 2, வெள்ளிக்கிழமை. கொல்கத்தாவின் எதிர்க்கரையில் உள்ள சாலிமர் ஸ்டேஷனிலிருந்து பிற்பகலில் கிளம்பிய கோரமண்டல், மாலை ஏழு மணிக்குச் சற்று முன்பு பாலசோர் மாவட்டத்தின் பஹாநகா பஜார் ஸ்டேஷனை அடைந்தது. அங்கே அதற்கு நிறுத்தமில்லை. மெயின் லைனுக்குப் பச்சை விளக்கு இருந்தது. ஆனால் தண்டவாளம் லூப் லைனுக்குத் திரும்பியிருந்தது. அங்கே இரும்புத்தாது ஏற்றிய சரக்கு ரயில் நின்றிருந்தது. மணிக்கு 128 கிலோமீட்டர் வேகத்தில் கோரமண்டல் அதில் மோதியது. தடம் புரண்ட பெட்டிகள், பக்கத்துப் பாதையில் எதிரே போய்க்கொண்டிருந்த பெங்களூர்-ஹவுரா எக்ஸ்பிரஸின் கடைசிப் பெட்டிகளை இடித்தன. 290 பேருக்கு மேல் இறந்தார்கள். ஆயிரம் பேர் அளவில் காயமடைந்தார்கள். சிக்னல் சர்க்யூட்டில் செய்த மாற்றங்களில் நேர்ந்த தவறே காரணம் என்றது ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணை. ரயில் ஓட்டுநர் மீது தவறில்லை.

தண்டவாளம் மூன்றே நாளில் சரியானது. ஜூன் 7-ம் தேதி கோரமண்டல் மறுபடியும் கிளம்பியது. அந்த வேகத்தைப் பாராட்ட வேண்டும். ஆனால் இறந்தவர்கள் யார் என்று கண்டுபிடிக்க எடுத்த காலத்தோடு அதை ஒப்பிட்டால் பாராட்டு தொண்டையில் சிக்கும். முன்பதிவுப் பெட்டியில் இருப்பவருக்கு சார்ட் உண்டு: பெயர், வயது, படுக்கை எண். பொதுப்பெட்டிக்குச் சார்ட் கிடையாது. டிக்கெட்டில் புறப்படும் ஊரும் சேரும் ஊரும் இருக்கும். போகிறவர் பெயர் இருக்காது. குடும்பங்கள் செல்போனில் பழைய போட்டோவைக் காட்டிக்கொண்டு பாலசோருக்கும் புவனேஸ்வருக்கும் அலைந்தன. ஒரே உடலுக்கு ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் உரிமை கோரினார்கள். டி.என்.ஏ. பரிசோதனை தேவைப்பட்டது. நான்கு மாதம் காத்திருந்தும் யாரும் வந்து கேட்காத 28 உடல்களை 2023 அக்டோபரில் புவனேஸ்வர் மாநகராட்சி தகனம் செய்தது. கோரமண்டல் போன்ற புகழ்பெற்ற ரயில் சம்பந்தப்பட்ட விபத்தில் 28 பேர் பெயரில்லாமல் போனார்கள்.

பண விஷயத்திலும் இதே கதை. ஐ.ஆர்.சி.டி.சி.யில் முன்பதிவு செய்பவர் ஒரு ரூபாய்க்கும் குறைவான தொகை கட்டினால் பத்து லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடு கிடைக்கும். கவுண்ட்டரில் வரிசையில் நின்று பொதுப்பெட்டி டிக்கெட் வாங்குபவருக்கு அந்த வாய்ப்பே இல்லை. சட்டப்படியான இழப்பீடு எல்லாப் பயணிக்கும் உண்டு. மரணத்துக்கான தொகை 2017-ல் நான்கு லட்சத்திலிருந்து எட்டு லட்சமாயிற்று. ஆனால் இறந்தவர் பயணிதான் என்று காட்ட வேண்டும். நசுங்கிய பெட்டியில் யார் சட்டைப்பையில் டிக்கெட் மிஞ்சும்? டிக்கெட் கிடைக்கவில்லை என்ற ஒரே காரணத்தால் இழப்பீட்டை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் சொல்லியிருக்கிறது. அந்தத் தீர்ப்பு, சுந்தரவனத்துக் கிராமத்தில் இருக்கும் ஒரு விதவையின் காதுக்கு எட்டுவது வேறு விஷயம்.

வேகமான ரயில் வேண்டாமென்று யாரும் சொல்லவில்லை. ஸ்வீடனின் உதாரணத்தைப் பார்க்கலாம். ஸ்டாக்ஹோமுக்கும் கோத்தன்பர்க்குக்கும் இடையே 455 கிலோமீட்டர். ஹவுராவிலிருந்து புவனேஸ்வர் போகும் தூரத்தை விடச் சற்று அதிகம். 1990-ல் அங்கே எக்ஸ்-2000 என்ற ரயில் வந்தது. வளைவுகளில் பெட்டியே சாய்ந்துகொள்ளும். மணிக்கு 200 கிலோமீட்டர். மூன்று மணி நேரத்தில் போய்விடலாம். புதிய பாதை போடாமல் பழைய பாதையிலேயே வேகத்தைக் கூட்டினார்கள். எஞ்சின் இழுக்கும் பழைய இன்டர்சிட்டிப் பெட்டிகளை அதற்காக அந்த நாடு உடனே மூட்டை கட்டிவிடவில்லை. 1980-களின் பெட்டிகளைப் புதுப்பித்துப் பல்லாண்டுகள் ஓட்டினார்கள். புதியதும் பழையதும் ஒரே தண்டவாளத்தைப் பகிர்ந்துகொள்ள முடியும். பழையதைக் கவனிக்க மனம் வேண்டும், அவ்வளவுதான். ஸ்வீடனின் மக்கள்தொகை சுமார் ஒரு கோடி, சென்னையோடு ஒப்பிடத்தக்கது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அங்கே இந்த நெரிசல் இல்லை. நெரிசல் இருக்கும் நாட்டில் அந்தக் கவனம் இன்னும் அதிகமாகத் தேவை.

இந்தியாவில் நடந்தது என்ன? பஹாநகா விபத்துக்குப் பதினைந்து நாள் முன்பு, 2023 மே 18 அன்று, ஹவுரா-பூரி வந்தே பாரத் எக்ஸ்பிரஸ் கொடியசைத்துத் தொடங்கி வைக்கப்பட்டது. பஹாநகா பஜார் வழியாகவே அதுவும் போகிறது. முழுவதும் குளிர்சாதனம், முன்பதிவில்லாமல் ஏற முடியாது. மறுபுறம், நீண்ட தூர ரயில்கள் பலவற்றில் ஸ்லீப்பர் பெட்டிகள் குறைந்து குளிர்சாதன மூன்றடுக்குப் பெட்டிகள் கூடின. குறைந்த ஸ்லீப்பரின் பயணிகள் குளிர்சாதனத்துக்குப் போகவில்லை. பொதுப்பெட்டியில் போய் நின்றார்கள். ரயில்வேக்கு அது கணக்கு. பெட்டிக்குள் இருப்பவருக்கு அது மூச்சு.

நிலைமை முழுக்க இருட்டு என்று சொல்ல முடியாது. 2023 டிசம்பர் 30-ல் அம்ரித் பாரத் என்ற புதுவகை ரயில்கள் தொடங்கப்பட்டன. முதல் இரண்டில் ஒன்று வங்காளத்தின் மால்டா டவுனிலிருந்து பெங்களூர் போவது. 22 பெட்டிகளில் 12 ஸ்லீப்பர், 8 பொதுப்பெட்டி, குளிர்சாதனம் ஒன்றுகூட இல்லை. முன்னும் பின்னும் எஞ்சின் வைத்து வேகமாக ஓட்டுகிறார்கள். தண்டவதேயின் கீதாஞ்சலிக்கு இத்தனை ஆண்டு கழித்து ஒரு வாரிசு என்று சொல்லலாம். பழைய ரயில்களிலும் பொதுப்பெட்டிகளைக் கூட்டுவதாக 2024-ல் ரயில்வே அறிவித்தது. மூர்ஷிதாபாத் தொழிலாளி யார், எதற்காகப் பயணம் செய்கிறார் என்பது டில்லிக்கும் தெரிந்துவிட்டது என்பதற்கு இவை அடையாளம்.

ஆனால் பெட்டி கூடினால் மட்டும் போதாது. நீண்ட தூரப் பொதுப்பெட்டி டிக்கெட் விற்கும்போது பயணியின் பெயரையும் வீட்டில் ஒருவரின் போன் நம்பரையும் பதிந்துகொள்வதற்குப் பெரிய தொழில்நுட்பம் வேண்டாம். செல்போனிலேயே முன்பதிவில்லாத டிக்கெட் எடுக்கும் வசதியை ரயில்வே எப்போதோ தந்துவிட்டது. கவுண்ட்டரில் வரிசை நீளும் என்ற ஆட்சேபம் நியாயமானது. நூறு கிலோமீட்டர் போகிறவரிடம் கேட்க வேண்டாம். ஆயிரம் கிலோமீட்டர் போகிறவரிடம் கேட்கலாம். ஒரு ரூபாய்க் காப்பீட்டையும் அதோடு சேர்த்துவிடலாம். விபத்து தினமும் நடப்பதில்லை. நடக்கும் நாளில் அந்த ஒரு வரி, ஒரு குடும்பத்துக்கு நான்கு மாத அலைச்சலை மிச்சப்படுத்தும்.

ஒரு ரயில் புகழ்பெற்றது என்று சொல்ல அதன் வேகத்தையும் பாலங்களையும் ஏரிக் காட்சியையும் அடுக்குவது வழக்கம். கோரமண்டலிடம் அவையெல்லாம் இருக்கின்றன. 1977-ல் அதற்கிருந்த உண்மையான பெருமை வேறு. மலிவான டிக்கெட் வைத்திருந்தவரையும் அது அதே நேரத்தில், அதே பிளாட்பாரத்தில் கொண்டுவந்து இறக்கியது. சாலிமரிலிருந்து பிற்பகலில் அது இன்றும் கிளம்புகிறது. நடுப்பெட்டிகளின் பெயர்கள் எல்லாம் ரயில்வேயிடம் இருக்கின்றன. முனைப்பெட்டிகளில் எத்தனை பேர் என்றுகூட யாருக்கும் சரியாகத் தெரியாது.